கொட்டச்சேட்டில் கழலாத ஃபில்டர்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளை இருபது வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து வந்தவன் நான். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஏறியது மட்டும் ஒன்றிலும் இல்லை. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ஆற்றங்கரைதான். வெள்ளம் வந்தால் அதில் ஏறி நிற்போம். அதற்கு மேல் உயரம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், அக்கா என்னை மலைக்கு அனுப்பினாள். அவள் மகள் உமாவுக்கு வெள்ளிக்கிழமை காலை நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா நேரில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினால்தான் ஆயிற்று, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதிலேயே அவர்களுக்குச் சந்தேகம். அதிலும் நியாயம் உண்டு. என் அத்தான் ஏற்காட்டுக்கு அப்பால் கொட்டச்சேட்டில், ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். இரண்டு பொங்கலாக ஊர்ப்பக்கமே வரவில்லை. கடிதம் போட்டால் 'பழம் பறிக்கிற நேரம்' என்று பதில் வரும். அடுத்த கடிதத்துக்கு 'பழம் காய்கிற நேரம்' என்று வரும்.

"வெள்ளிக்கிழமை அவர் இந்த வீட்டுல உட்கார்ந்திருக்கணும். எப்படிக் கொண்டு வருவியோ எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. மூட்டையைக் கொண்டுவரச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை சேலத்தில் தட்டுவடை தின்றது தப்பு. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தேன். ஏழாவது வளைவில் பென்சிலைக் கீழே போட்டேன். பத்தாவதில் தட்டுவடை மேலே வந்தது. பக்கத்தில் மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தவர் நிதானமாகச் சொன்னார்:

"ஏனுங்க, ரோட்டைப் பாக்காதீங்க. இந்தச் சேவலையே பாத்துக்கிட்டு வாங்க. ஒண்ணும் ஆவாதுங்க."

பார்த்தேன். சேவலும் என்னையே பார்த்தது. அதன் முகமும் அவ்வளவு நன்றாக இல்லை.

ஏற்காட்டில் இறங்கி, ஏரியைப் பார்த்து, இவ்வளவு தண்ணீரை மேலே வைத்துக்கொண்டு எங்களைக் கோடையில் காயப் போடுகிறார்களே என்று அநியாயமாகக் கோபப்பட்டு, கொட்டச்சேட்டுப் பஸ்ஸில் ஏறினேன். அந்த ஊருக்கு அது ஒன்றுதான் பஸ். மாலை நாலு மணிக்கு வந்து, இரவு அங்கேயே தங்கி, காலையில் ஏழு மணிக்குத் திரும்பும். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடிகள், கீழே காபிச் செடிகள். எங்கள் பக்கத்தில் ஒரு வயலில் ஒரு பயிர்தான் நிற்கும். இங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன.

அத்தான் குல்லாயும் ஸ்வெட்டருமாக எஸ்டேட் வாசலில் நின்றிருந்தார். "வா மச்சான்" என்றார், நான் அடுத்த தெருவிலிருந்து வந்தது போல. குடிக்க ஒரு டம்ளர் கொடுத்தார். கறுப்பாக, வெல்லம் போட்டு, சுடச்சுட இருந்தது. என்ன என்று கேட்டேன். காபி என்றார். காபித் தோட்டத்தில் நல்ல கொட்டையெல்லாம் லாரி ஏறிப் போய்விடுமாம். தண்ணீரில் போட்டதும் மிதக்கிற சோணங்கிக் கொட்டைதான் விளைவித்தவர்களுக்குக் குடிக்கக் கிடைக்குமாம். கும்பகோணத்துக் காபி குடித்து வளர்ந்த நாக்கு, அந்த டம்ளரோடு மூன்று நாள் சண்டை போட்டது.

நிச்சயதார்த்த விஷயத்தைச் சொன்னேன். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகப் போயிருந்த எனக்கு ஏமாற்றம்தான். "வராம என்ன? எம் பொண்ணாச்சே" என்றார் உடனே. "ஆனா பஸ் எனக்கு ஆகாது மச்சான். வளைவு திரும்பறப்ப தலை சுத்தி விழுந்துடுவேன். எஸ்டேட் ஜீப் சேலத்துக்கு சர்வீசுக்குப் போகணும். முதலாளி மெட்ராஸ்லேருந்து சொல்லிட்டார். நாளைக்கே அதுல போயிடலாம்."

ஜீப்பைப் பார்த்தேன். யாரோ ஏலத்தில் எடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்த டீசல் ஜீப். அத்தான் சாவியைத் திருகினார். இருமிக்கொண்டு கிளம்பி, பத்தடி ஓடி, நின்றது. மறுபடியும் திருகினார். ஐந்தடி ஓடியது. "டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கு. புது ஃபில்டர் ஆபீஸ் ரூம்ல டப்பாவோட இருக்கு. பழசைக் கழட்டிப் புதுசை மாட்டணும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை" என்றார்.

அந்த அரை மணி நேரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது.

வேலைக்கு வந்தவர் பெயர் வெள்ளையன். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும், தோள் இரண்டும் இரும்பு. காபிப் பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரத்துக்குப் பல்ப்பர் என்று பெயர். முப்பது வருஷமாக அதைக் கழற்றிப் பூட்டி வருபவர் அவர்தான். அதனால் எஸ்டேட்டில் இரும்பால் ஆன எதுவும் அவர் இலாகா. தையல் மெஷின், தண்ணீர் பம்பு, ரைட்டர் பங்களாவின் கதவுப் பூட்டு எல்லாம் அவரே.

ஃபில்டர் என்பது ஒரு இரும்பு டப்பா. எஞ்சின் ஓரமாக, தலைகீழாகத் திருகி மாட்டியிருந்தது. வெள்ளையன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, அதை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. சாக்கைச் சுற்றித் திருகினார். அசையவில்லை. அத்தான் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம், வெள்ளையா. தம் பிடி" என்று உற்சாகப்படுத்தினார்.

எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டில் ஒரு டீசல் பம்புசெட் உண்டு. அதில் எதைக் கழற்றுவதானாலும் இடது பக்கம்தான் திருப்ப வேண்டும். வலது பக்கம் திருப்பினால் இறுகும். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்து வெள்ளையன் பக்கத்தில் படுத்தேன்.

"இடது பக்கம் திருப்பிப் பாருங்களேன்" என்றேன்.

"இல்லீங்க சாமி. களட்டறதுன்னா வலதுதானுங்க" என்றார் அவர், சந்தேகமே இல்லாமல். "பல்ப்பர் சக்கரத்து நெட்டு வலது பக்கந்தானுங்க களலும். மிசினு சுத்தற வேகத்துல களண்டுறக் கூடாதுன்னு வெள்ளக்காரன் அப்படி வச்சிருக்கானுங்க. முப்பது வருசமா அப்பிடித்தானுங்க களட்டறேன்."

வெளியே தலையை நீட்டி அத்தானைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "உன்னுது பம்புசெட்டு மச்சான். இது மலை வண்டி" என்றார்.

இப்போது எழுதும்போது அந்தப் பதிலைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. குளிரில், புகை மாதிரி மேகம் வந்து மூக்கில் புகும் ஊரில், மல்லாந்து படுத்துக்கிடப்பவனுக்கு இடது எது வலது எது என்பதே மறந்துபோகும். மலையில் தண்ணீர் கொதிக்கும் சூடே வேறு என்று பாடப் புத்தகத்தில் நானே நடத்தியிருக்கிறேன். திருகாணியும் வேறாக இருக்கலாம் என்று நம்பிவிட்டேன். நம்பியதோடு நில்லாமல், வெள்ளையனோடு சேர்ந்து நானும் வலது பக்கம் பிடித்துத் திருகினேன்.

மதியம் வெள்ளையன் மனைவி பொன்னி சாமைச் சோறும் கொள்ளுச் சாறும் கொண்டுவந்தாள். நெல் தவிர வேறொன்றைச் சோறு என்று ஒப்புக்கொள்ளாத ஊர்க்காரன் நான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கொள்ளைக் குதிரைக்குப் போடும் விஷயத்தை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

மாலையில் பஸ் வந்தது. டிரைவரும் கண்டக்டரும் துணைக்கு வந்தார்கள். டிரைவர் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் அவர் தோளில் கைபோட்டு, காபி குடிக்க அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது டிரைவரும், "ஆமாங்க, வலதுதானுங்க" என்றார். அத்தானுக்கு ஊரில் இத்தனை மரியாதையா என்று வியந்தேன்.

புதன்கிழமை காலை இரும்புச் சங்கிலி வந்தது. டப்பாவில் சுற்றி, கடப்பாரையை நுழைத்துத் திருகினார்கள். டப்பா மூன்று இடத்தில் நசுங்கியது. கழலவில்லை. காபிப் பழம் பறிக்கிறவர்கள் கூடையோடு போகிறபோதெல்லாம் நின்று, குனிந்து பார்த்து, ஆளுக்கொரு கை போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தர் விடாமல் வலது பக்கம். பொன்னி ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து, சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் கட்டினாள். காய்ச்சல்காரக் குழந்தையின் கையில் கட்டுகிற அதே முடிச்சு.

நான் நேரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். வியாழன் மதியத்துக்குள் மலையிறங்கி, ராத்திரி பஸ் பிடித்தால்தான் வெள்ளி காலை ஊர் போய்ச் சேர முடியும். "அத்தான், தலை சுத்தினாலும் பரவாயில்லை. கண்ணைக் கட்டி பஸ்ல ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றேன். "கழண்டுடும் மச்சான், இப்ப கழண்டுடும்" என்று ஸ்டூலை இன்னும் கொஞ்சம் வெயிலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நாலரை மணிக்குப் பொன்னி அந்தக் கறுப்புக் காபியைக் கொண்டுவந்தாள். ஆண்கள் எல்லோரும் ஜீப்படியில் இருந்தார்கள். அவள் என் டம்ளரில் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னாள்:

"ரைட்டரு ஏனுங்க இப்பிடி வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு? போன மழைக்கு இதே பில்டர் அடைச்சப்ப அவரே தானுங்க களட்டி மாட்டினாரு. எங்கூட்டுக்காரரு அப்ப பழனிக்குப் போயிருந்தாருங்க. நொம்ப நேரம்கூட ஆவலீங்க."

"எந்தப் பக்கம் திருப்பினார்?" என்றேன்.

"அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் டம்ளரை வைத்துவிட்டு நேரே போய் அத்தானைக் கையைப் பிடித்து எழுப்பி, பழம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அழுகின பழத்தோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. எனக்குக் கோபத்தில் அது ஒரு பொருட்டாகவே இல்லை.

"இடது பக்கம் கழலும்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

அத்தான் குல்லாயைக் கழற்றினார். குல்லாய்க்குள் தலை முழுக்க நரைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"தெரியும்" என்றார்.

"அங்க உங்க பொண்ணு கல்யாணம் நிக்கப்போகுது. இங்க நீங்க ஊரையே வச்சு இறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். பிறகு உமாவைப் பற்றிப் பேசினார். ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தவள். திருச்சியில் காலேஜில் சேர்க்கச் சொன்னாள். வயசுப் பெண்ணை ஹாஸ்டலில் விடமாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை.

"'சரிப்பா, இனிமே உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்'னா. அவ்வளவுதான் மச்சான். அன்னியோட சரி. அந்தப் பொங்கலுக்கு அஞ்சு நாள் இருந்தேன். சோறு போட்டா, தண்ணி வச்சா, வேட்டி துவைச்சா. ஒரு வார்த்தை பேசலை. அஞ்சு நாள். அதை என்னால தாங்க முடியலை. இப்ப சபையில எல்லாரும் உட்கார்ந்திருக்கறப்ப அவ என்னைப் பார்த்தும் பாக்காத மாதிரி போனா, நான் என்ன பண்ணுவேன்?"

காலேஜ் வேண்டாம் என்று அவர் சொன்ன அன்றைக்கு நானும் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். தாய்மாமன், அதிலும் வாத்தியார். இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அதை நினைத்ததும் அத்தான் மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பிவிட்டது.

"அவ பேசாம இருக்கட்டும் அத்தான். அதுக்குக்கூட நீங்க எதிர்ல இருக்கணும். நீங்க இங்க மலையில உட்கார்ந்திருந்தா அவ யாரோட பேசாம இருப்பா?"

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். குல்லாயை மறுபடி மாட்டிக்கொண்டு, "காலையில பஸ்ல போயிடலாம்" என்றார்.

அந்த நேரத்தில் ஜீப் இருந்த பக்கத்திலிருந்து பெரிய கூச்சல். ஓடினோம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இங்கே வேலை நிற்கவில்லை. டப்பாவில் தாம்புக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, பன்னிரண்டு பேர் தேர் இழுப்பது போல இழுத்திருக்கிறார்கள். டப்பா கழலவில்லை. ஜீப் கிளம்பிவிட்டது. ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. இழுத்தவர்கள் கயிற்றை விட்டுச் சிதற, ஜீப் தனியாகச் சரிவில் உருண்டு, பஸ் ரோட்டின் குறுக்கே போய், எதிர் மேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாளில் அது ஓடிய அதிக தூரம் அதுதான். யாருக்கும் அடியில்லை.

வியாழக்கிழமை காலை அத்தான் முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிரங்குப் பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்குப் பஸ் கிளம்பியது. ஐம்பதடி போனதும் நின்றது. எதிரே ஜீப், மூக்கை மேட்டில் வைத்துக்கொண்டு ரோட்டை அடைத்தபடி.

பஸ்ஸில் முப்பது பேர் இருந்தோம். இறங்கி ஒரு தள்ளு தள்ளினால் ஜீப் ஓரமாகப் போய்விடும். எங்கள் ஊராக இருந்தால் அப்படித்தான் செய்திருப்போம். முப்பது பேரும் இறங்கத்தான் இறங்கினார்கள். இறங்கி, நேரே ஜீப்பின் அடியில் குனிந்து ஃபில்டரைப் பார்த்தார்கள்.

"தள்ளிவிட்டுடலாமே" என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"தள்ளலாமுங்க" என்றார் டிரைவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "ஆனா இவ்வளவு தூரம் வந்துபோட்டு அதை அப்படியே உட்டுட்டுப் போனா மனசு கேக்காதுங்களே. அல்லாரும் ரெண்டு நாளா பாடுபட்டிருக்காங்க."

அப்போதுதான் அத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வெள்ளைச் சட்டையோடு அப்படியே மண்ணில் மல்லாந்து படுத்து, ஜீப்புக்கு அடியில் புகுந்தார். வெள்ளையன் ஏற்கெனவே அங்கே படுத்திருந்தார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளையா, இது இடது பக்கம்தான் கழலும்" என்றார் அத்தான்.

"தெரியுமுங்க" என்றார் வெள்ளையன்.

"எப்பலேருந்து?"

"முந்தாநாளு நெசமாவே தெரியாதுங்க. பல்ப்பர் புடிச்ச கையி. அன்னிக்கிப் பொழுதோட ஊட்டுக்குப் போனனுங்க. போன மழைக்கு நீங்களே களட்டினதை பொன்னி சொன்னாளுங்க. நேத்து தெரிஞ்சுதானுங்க திருப்பினேன்."

"தெரிஞ்சுமா வலது பக்கம் திருப்பினே?"

"நீங்க வலதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. சரி, ரைட்டருக்குப் போறதுக்கு இஷ்டமில்லையாட்டம் இருக்குதுன்னு நெனச்சனுங்க. இஷ்டமில்லாதவரை நான் எப்படிங்க வண்டியேத்தி அனுப்பறது?"

"எங்களுக்கும் தெரியுமுங்க" என்றார் கண்டக்டர், பணிவாக. கூடையோடு நின்ற பெண்கள் இருவர் தலையை ஆட்டினார்கள். டிரைவர் மேகத்தைப் பார்த்தார். கொட்டச்சேட்டில் அந்தச் சேதி தெரியாதவன், பம்புசெட் சொந்தக்காரனாகிய நான் ஒருவன்தான். ஒரு மனிதன் போக விரும்பவில்லை என்பதற்காக, அவனை ஒரு கேள்வி கேட்காமல், ஒரு ஊரே சேர்ந்து மரியாதையாக அவன் வண்டியை இறுக்கியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"இப்ப இஷ்டமுங்களா?" என்று கேட்டார் வெள்ளையன்.

"இஷ்டம்தான்" என்றார் அத்தான்.

இடது பக்கம் திருப்பினார். அசையவில்லை. இரண்டு நாளாக ஊர் முழுக்கக் கைபோட்டு இறுக்கியது சும்மா போகுமா? பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். கை வழுக்கி, விரல் தோல் உரிந்தது. டிரைவர் முயன்றார். நான் முயன்றேன். மணி எட்டரை. அத்தான் அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. "கழண்டுடு, கழண்டுடு" என்று அந்த டப்பாவிடமே முனகிக்கொண்டிருந்தார். பொய்யாகச் சிக்கவைத்தது நிஜமாகவே சிக்கிக்கொண்டுவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

வெள்ளையன் எழுந்து போய், பல்ப்பரை ஓட்டும் தோல் பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை டப்பாவில் இறுக்கிச் சுற்றி, முனையில் ஒரு கட்டையைச் செருகி, இடது பக்கம் ஒரே முறுக்கு. 'கிறீச்' என்றது. கழன்றது. முதல் நாளே இந்தப் பெல்ட் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் மரியாதையாக ஒரு பதில் வைத்திருப்பார்.

டப்பாவில் இருந்த டீசலும் கறுப்பு மண்டியும் அத்தான் முழங்கை வரை வழிந்து, வெள்ளைச் சட்டையில் இறங்கின. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. புதுசை மாட்டினார். ஃபில்டர் மாற்றினால் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். காற்று போகிற வரைக்கும் எஞ்சின் பிடிக்காது. சின்னக் கைப்பம்பை அமுக்கி அமுக்கி அதை வெளியேற்ற வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பம்புசெட் எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தது. நான் அமுக்க, நுரை போய் சுத்தமான டீசல் வர, அத்தான் சாவியைத் திருகினார். ஜீப் ஊரையே நடுங்கவைத்துக்கொண்டு கிளம்பியது. முப்பது பேரும் ஜீப்பின் மூக்கை மேட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள், ஒரு வழியாக.

"நிறுத்தாதீங்க, போயிக்கிட்டே இருங்க" என்று கத்தினார் டிரைவர். நாங்கள் முன்னால், பஸ் பின்னால், ஊர்வலமாக இறங்கினோம். பெட்டி பஸ் கூரையில் இருப்பது எங்களுக்கு ஞாபகம் வந்தபோது பஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று திரும்பிப் போகவில்லை. வளைவுகளில் நான் இரண்டு முறை ஜீப்பிலிருந்து தலையை வெளியே நீட்டினேன். அத்தான் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்.

"பஸ் உங்களுக்கு ஆகாதுன்னீங்களே" என்றேன், வாயைத் துடைத்துக்கொண்டு.

"எல்லா வண்டியும் ஆகும் மச்சான்" என்றார்.

ஜீப்பைச் சேலத்தில் பட்டறையில் விட்டு, ராத்திரி பஸ் பிடித்து, வழியில் அது ஒரு முறை பஞ்சராகி, வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. அதே கறைச் சட்டையோடு முன்வாசலில் நுழைய வேண்டாம் என்று அத்தானைக் கொல்லைப்புறமாக அழைத்துக்கொண்டு போனேன். அக்கா ஓடிவந்து, அவரை மேலும் கீழும் பார்த்து, என் புதுச் சட்டையொன்றை எடுத்துவரப் போனாள். அத்தான் அடிபம்பு பக்கத்தில் நின்று கையைக் கழுவினார். டீசல் மண்டி தண்ணீருக்குப் போகிற சாதியில்லை. தேய்க்கத் தேய்க்க மினுமினுத்தது.

சமையலறை நிலைப்படியில் உமா வந்து நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"மாமா, தண்ணியில அது போகாது. தேங்காயெண்ணெய் தடவித் தேய்க்கச் சொல்லுங்க. அந்தக் கையோட தட்டைத் தொட்டா மெக்கானிக் கடைன்னு நினைச்சுக்குவாங்க."

அவர் அவளிடமிருந்து நாலடியில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒருவன் நடுவில் எதற்கு என்று தெரியாமல், அவள் சொன்னதை அப்படியே அவரிடம் திருப்பிச் சொன்னேன். அவரும் அதுவரை காதில் விழாதவர் போலக் கேட்டுக்கொண்டு, "எண்ணெய் எங்க இருக்குன்னு கேளு மச்சான்" என்றார்.

நான் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் நின்றேன், இந்த முறை தெரிந்தே.

உள்ளே போனவள் கிண்ணத்தோடு வந்தாள். அத்தான் இரண்டு கையையும் நீட்டினார். பரீட்சையில் தோற்று அடி வாங்க நிற்கும் பையன்கள் அப்படித்தான் நீட்டுவார்கள். அவள் எண்ணெயைச் சாய்த்து ஊற்றினாள். அவர் தேய்த்தார். கூடத்திலிருந்து, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, பெண்ணின் அப்பா வந்தாரா இல்லையா என்று குரல் வந்தது. இதோ வந்துவிட்டார் என்று நான் கத்தினேன். அவர் நகரவில்லை. கறை கரைந்து, ரேகை தெரிந்து, கை வெளுத்துவிட்டது. போதும் என்று சொல்லி அவரை உள்ளே தள்ள வேண்டியதுதான் பாக்கி.

உமா குனிந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தாள்.

"இன்னும் தேய்ங்க" என்றாள், அவரிடம்.

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.